முதலில் பூச்சி, பிறகு தூள்

சென்ற மாதம் என் மனைவி விசாலம் காலமானாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுள் கிருஷ்ணகிரிப் பக்கம் பணியாற்றும் இளம் சுகாதார அதிகாரி ஒருவரும் இருந்தார். முன்கூடத்து நாற்காலிகளை அவள் போன அன்று பின்கட்டுக்கு எடுத்துப் போட்டிருந்தோம். அவை இன்னும் திரும்பி வரவில்லை. ஆகவே அவரும் நானும் பாயில் அமர்ந்தோம். பேச்சு இயல்பாகத் தொழிலின் பக்கம் திரும்பியது. நோய் கண்டால் மக்கள் ஏன் இன்னும் மறைக்கிறார்கள், உங்கள் காலத்தில் எப்படிச் சொல்ல வைத்தீர்கள் என்று அவர் கேட்டார். தங்கள் சங்கத்தின் மலருக்கு அதையே எழுதித் தரும்படியும் வேண்டினார். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். துக்க வீட்டு வழக்கப்படி அன்றும் எங்கள் வீட்டு ரசத்தில் தாளிப்பு இல்லை. அந்த ரசத்தை வாயில் வைத்ததும் அவர் கேட்ட கேள்விக்கு விடை எங்கே இருக்கிறது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

சென்னையில் மருத்துவம் படித்ததையும், அதன்மேல் பொதுச் சுகாதாரத்தில் ஒரு பட்டம் பெற்றதையும் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன், கேட்டபோது ஒப்பித்தேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் உதவிச் சுகாதார அதிகாரியாக வேலை கிடைத்தது. அப்போது அது சேலம் மாவட்டத்தின் வடகோடி. அதற்கு அப்பால் மைசூர் ராஜ்யம். தமிழில் தொடங்கி, தெலுங்கில் கோபித்துக்கொண்டு, கன்னடத்தில் சமாதானமாகும் ஊர் அது. தஞ்சைப் பக்கத்து வெயிலிலிருந்து போன எனக்கு அதன் குளிர் முதல் ஆண்டு முழுவதும் பழகவில்லை. விசாலம் வந்த வாரத்திலேயே பழகிக்கொண்டாள்.

அந்தத் தாலுகாவின் நிரந்தர விருந்தாளி பிளேக். குளிர்காலத்தில் எங்காவது ஓர் ஊரில் எலிகள் செத்து விழத் தொடங்கும். அதை ‘எலி விழுந்தது’ என்போம். எலி விழுந்த செய்தி வந்தால் எங்கள் வேலை ஒரே ஒழுங்கில் நடக்க வேண்டும். செத்த எலியைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்து எரிப்பது. ஊரார் அனைவருக்கும் ஊசி போடுவது. ஊருக்கு வெளியே திறந்த மேட்டில் கொட்டகை போட்டு மக்களை அங்கே குடியேற்றுவது. வீடுகளைக் காலி செய்தபின் எலி வளைகளில் சயனைடு தூளை ஊதி அடைப்பது. தரை, சுவர், கட்டில் எங்கும் டி.டி.டி. தூவுவது. எலியைவிட அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியே எங்கள் எதிரி. எலி செத்ததும் அது மனிதனைத் தேடும். அதனால் வீட்டிலிருந்து எந்தச் சாமானும், ஒரு கோணிப்பைகூட, வெளியே போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

விதி சரியானது. இன்றும் அதில் ஒரு சொல்லை நான் மாற்ற மாட்டேன். ஆனால் அந்த விதியை நம்பி ஓர் ஊர் எலி விழுந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அந்த ஊருக்கு என்ன ஆகும் என்பது புத்தகத்தில் இல்லை. அதை எனக்குக் காட்டியவர் என் மேலதிகாரி டாக்டர் சேஷகிரி.

மெலிந்த உடல், தேய்த்த கதர்ச் சட்டை, மிக மெதுவான பேச்சு. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போது நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். அவருடைய முதல் கேள்வி காய்ச்சலைப் பற்றியதாக இருக்காது. ‘இந்த வாரம் அடுப்புக்கு என்ன வழி?’ என்று கேட்பார். அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் இரண்டாவது கேள்வியைத் தீர்மானிப்பார்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தளிப் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போனார். முந்தைய ஆண்டு அங்கே பிளேக் வந்து, இலாகா மிகச் சிறப்பாக வேலை செய்து, ஓர் உயிரும் போகாமல் காப்பாற்றியிருந்தது. அதைக் காட்டத்தான் அழைத்துப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டுகளில் துரு ஏறியிருந்தது. அவர்கள் எங்கே என்று ஒரு கிழவரைக் கேட்டேன். எல்லைக்கு அப்பால் கூலிக்குப் போனதாகச் சொன்னார். எங்கள் தூள் விழுந்தபோது அந்த வீடுகளில் பட்டுப்புழு இருந்தது. புழு போயிற்று, பிறகு மாடு போயிற்று, பிறகு மனிதர் போனார்கள். டாக்டர் சேஷகிரி ஒரு பூட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “உயிரைக் காப்பாத்திட்டோம் டாக்டர். குடும்பத்தைக் காப்பாத்தலை,” என்றார்.

தம்மால் முடிந்ததை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். கொட்டகை போடும் வேலைக்கு வெளியூர்க் குத்தகைதாரரை அழைக்காமல், காலி செய்யப்பட்ட ஊராரையே வைத்துக் கூலி கொடுக்க ஏற்பாடு செய்வார். வளை அடைப்பது, கிணற்றுக்குக் குளோரின் போடுவது, கீற்று முடைவது எல்லாம் அவர்களுக்கே. ஊத்தங்கரைப் பக்கம் காலரா கண்டபோது, வாரச் சந்தையை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். புளியும் நிலக்கடலையும் விற்று அரிசி வாங்கும் புன்செய்க்காரர்களுக்குச் சந்தை மூடினால் அடுப்பு மூடும் என்று அவர் வாதாடினார். சந்தையை ஊருக்கு வெளியே மேட்டுக்கு மாற்றி, நுழையும் இடத்தில் ஊசியும் காய்ச்சிய தண்ணீரும் வைத்தார். ஊசிக்குப் பயந்து ஓடி ஒளிந்தவர்கள் எல்லாம் சந்தைக்காக வரிசையில் நின்றார்கள். ஆனால் பட்டுப்புழு விஷயத்தில் அவருக்கும் வழி தெரிந்திருக்கவில்லை. தெள்ளைக் கொல்லும் தூள் புழுவையும் கொல்லும். அதற்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நான் சொல்ல வந்த ஊர் ஓசூரிலிருந்து சைக்கிள் தூரம்தான். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே முனியப்பா, மாதம்மா என்ற தம்பதி இருந்தார்கள். கொஞ்சம் மல்பெரித் தோட்டம், ஒரு ஜோடி மாடு, ஒரே நீள அறையாக ஒரு வீடு. அந்த அறையின் பெரும்பகுதி புழுவுக்கு, மிச்சம் மனிதர்களுக்கு. அந்தப் பக்கத்தில் பட்டுப்புழுவைப் ‘பூச்சி’ என்றே சொல்வார்கள். பூச்சி தோலுரிப்பதற்கு முன் தின்னாமல் மயங்கிக் கிடக்கும். அதை ‘ஜுரம்’ என்பார்கள். நாலாம் ஜுரம் தாண்டிய பூச்சி ஒரு வாரம் ஓயாமல் தின்றுவிட்டுக் கூடு கட்டும். அதுவரை அந்நியர் உள்ளே வரக் கூடாது. வாசலில் வேப்பங்கொத்து தொங்கும். அதைப் பார்த்தால் வரி வசூலிக்க வந்தவர்கூட வெளியே நின்றுதான் கூப்பிடுவார்.

பக்கத்து ஊரில் எலி விழுந்ததால் நாங்கள் இந்த ஊருக்கும் வந்தோம். எல்லா வீட்டிலும் ‘ஒன்றுமில்லை’ என்றார்கள். மாதம்மா வீட்டு வாசலில் வேப்பங்கொத்து இருந்தது. அவள் நிலைப்படியில் நின்று கையை விரித்தாள்.

“உள்ள வராதீங்க சாமி. நாலாம் ஜுரம் தாண்டி நேத்துதான் தலை தூக்கியிருக்குது. வேத்து மனுசர் காத்து ஆவாது.”

டாக்டர் சேஷகிரி உடனே பின்வாங்கி முற்றத்தில் கிடந்த கல்லருகே போனார். முனியப்பா உட்காரும்வரை நின்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். முனியப்பா உற்சாகமாகப் பேசினான். இந்தப் பயிர் நன்றாக வந்திருக்கிறது. கூடு கட்டிவிட்டால் ஆடி வரை கவலையில்லை. வராவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டியதுதான் என்றான். போன பயிரில் பாதியை எலி தின்றுவிட்டது என்றும், அதற்காகவே மாமியார் ஊரிலிருந்து ஒரு பூனை கொண்டுவந்ததாகவும் சொன்னான்.

“அது பூனை இல்லீங்க, புலி. வந்த நாள்ல இருந்து எலி தானா விழுந்துக்கினே இருக்குது. காலையில பாத்தா பரண் கீழ ஒண்ணு, அடுப்பாண்ட ஒண்ணு. பால் வச்சுக் கும்பிடுறோம் அதை.”

மாதம்மா கணவனைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். அதில் கள்ளம் இல்லை. எதிரிலிருப்பவர்களிடம் வீட்டின் அதிர்ஷ்டத்தைச் சொல்லிக் கண்ணேறு பட வைக்கிறானே என்ற எரிச்சல்தான் இருந்தது. பிளேக்கை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் பூச்சி வளர்ப்பவருக்கு எலி வருடம் முழுதும் பகை. பகை ஒழிந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

டாக்டர் சேஷகிரி அன்றைக்கு விழுந்த எலியைப் பார்க்க வேண்டும் என்றார். எருக்குழியின் ஓரத்தில் அது கிடந்தது. இடுக்கியால் புரட்டினார். உடலில் ஒரு பல் பட்ட இடமும் இல்லை. புலி எனப்பட்ட பூனை சற்றுத் தள்ளி வெயிலில் உறங்கிக்கொண்டிருந்தது.

“முனியப்பா, உன் பூனை கடிக்காமலே கொல்லுமா?”

முனியப்பா குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். மாதம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மிகத் தெளிவான குரலில் கேட்டாள்.

“தூள் அடிப்பீங்களா?”

“அடிக்கணும் அம்மா.”

“பூச்சி செத்துப் பூடும்.”

“ஆமாம்.”

“அப்போ எங்களையும் உள்ளார வச்சே அடிச்சிருங்க சாமி.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அழவுமில்லை. அந்தத் துருப்பிடித்த பூட்டு என் கண்முன் வந்தது. டாக்டர் சேஷகிரி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பொய் நம்பிக்கை கொடுப்பது அவர் வழக்கமல்ல. பூச்சியின் தட்டுகளைத் தினமும் எப்படிச் சுத்தம் செய்வாய் என்று கேட்டார். இந்த வேளையில் இது என்ன கேள்வி என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். இருந்தாலும் சொன்னாள். தட்டின் மேல் வலை விரித்துப் புது இலை போட்டால் பூச்சி வலை வழியே மேலேறி வரும். வலையைத் தூக்கி வேறு தட்டில் வைத்துவிட்டு, கீழே தங்கும் காம்பையும் எச்சத்தையும் கொட்டிவிடுவார்கள்.

“அப்படின்னா பழைய தட்டைத் தொடாமலே பூச்சியை மட்டும் எடுத்துடலாம்?”

“எடுக்கலாம். எடுத்து எங்க சாமி வக்கிறது?”

அவர் எழுந்து என்னிடம் வந்து தம் யோசனையைச் சொன்னார். வீட்டிலிருந்து எந்தச் சாமானும் வெளியேறக் கூடாது என்ற விதியை அவர் மீறப்போவதில்லை. புதிய வலை, புதிய இலை, முற்றத்து வெயிலில் புதிய தட்டு. பழையது எல்லாம் தூளோடு உள்ளேயே கிடக்கும். உயிருள்ள பூச்சி மட்டும் வெளியேறும். தெள்ளு எலியையும் இருட்டையும் தேடுமே தவிர இலை தின்னும் புழுவைத் தேடாது. ஆனால் ஊர் மேட்டுக் கொட்டகையில் பூச்சியை வைக்க முடியாது. அங்கே குளிர், தவிர, தூள் அடிக்கும் ஆட்களின் உடுப்பிலிருந்து உதிரும் துளி போதும். தூளே படாத, ஓடு வேய்ந்த, அடைப்பான ஓர் இடம் வேண்டும்.

ஓசூரில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த வீடு புதிதாகக் கட்டியது. சுண்ணாம்பு உலர்ந்துகொண்டிருந்தது. தூள் அடிக்கும் முறை எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. அதை நான் சொன்னேன்.

“அதை நீங்க சொல்ல முடியாது,” என்றார் டாக்டர் சேஷகிரி. “வீட்ல கேட்டுட்டு வாங்க. முடியாதுன்னா அதையும் அப்படியே வந்து சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். விசாலம் சமைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் திருமணமாகி அதிக நாள் ஆகவில்லை. கத்தரிக்காயில் ஒரு புழுவைக் கண்டால் அந்தக் காய் முழுவதையும் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் எறிந்துவிட்டு வருபவள் அவள். பிளேக் வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் வந்து நம்மோடு தங்க வேண்டும், அவளைத் தினமும் நான் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“எனக்குப் புழுன்னா ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

“தெரியும்.”

“இது போச்சுன்னா அவங்க மாட்டை வித்துடுவாங்களா?”

“ஆமாம்.”

அவள் அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு முன்கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

“நாற்காலி எல்லாம் எங்க போடறது?”

அதுதான் அவள் தந்த சம்மதம்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் பூச்சியை எடுத்தோம். புதிய தட்டுகளும், பூச்சி கூடு கட்டுவதற்கான மூங்கில் பின்னல்களும் கொடுத்தவர் கிருஷ்ணகிரியைச் சேர்ந்த பட்டுக்கூட்டு வியாபாரி கரீம் பாய். ஓசூரில் அவருக்கு ஒரு கிடங்கு இருந்தது. தட்டு கேட்க டாக்டர் சேஷகிரி என்னை அனுப்பவில்லை. தாமே போய் அவர் கடையில் உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டுக் கேட்டார். ஊரில் மேலும் இரண்டு வீடுகளில் பூச்சி இருந்தது. அவை இன்னும் சிறியவை. ஒரு தட்டில் அடங்கின. எல்லாவற்றையும் வலையோடு தூக்கி, வெளுத்த துணியால் மூடி, மாதம்மா முன்னால் நடக்க வண்டியில் கொண்டுவந்தார்கள். பின்னால் ஊரே மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. அன்று பிற்பகல் காலியான வீடுகளில் தூள் விழுந்தது. முனியப்பா கொட்டகை வேலையில் சேர்ந்தான். தினமும் தோட்டத்திலிருந்து இலை பறித்து எங்கள் வீட்டுக்கு அனுப்புவதும் அவன் பொறுப்பு. பூனையின் புகழ் அத்துடன் முடிந்தது.

எங்கள் கிணற்றடியில் மாதம்மா தலைமுழுகினாள். அவள் உடுத்தி வந்ததை விசாலம் கொதிக்கும் நீரில் போட்டுவிட்டுத் தன் புடவை ஒன்றைக் கொடுத்தாள். முன்கூடத்தில் தட்டுத் தாங்கிகள் நின்றன. எறும்பு ஏறாமலிருக்கத் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். கிண்ணங்கள் போதவில்லை. விசாலம் உள்ளே போய்த் தன் சீர்ப் பாத்திரங்களிலிருந்த வெண்கலக் கிண்ணங்களை எடுத்துவந்து வைத்தாள். மாதம்மா பதறிப்போய், “இதெல்லாமா அம்மா?” என்றாள். “எறும்புக்கு என்ன தெரியும், வா,” என்றாள் விசாலம்.

ஆனால் தட்டுகளைத் தாங்கியில் அடுக்கியபின் விசாலம் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. சமையலறை வாசலிலிருந்தே பேசினாள். அன்று மாலை அவள் ரசத்துக்குத் தாளிக்கக் கரண்டியை அடுப்பில் வைத்தபோது மாதம்மா மிகுந்த தயக்கத்தோடு எழுந்து வந்தாள்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. தாளிக்கிற புகை பூச்சிக்கு ஆவாது. எண்ணெயில கடுகு வெடிச்சா இலையைத் தொடாது.”

விசாலம் கரண்டியை இறக்கிவைத்தாள். அந்தப் பூச்சி இருந்தவரையில் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை, வெங்காயம் வதங்கவில்லை, சாம்பிராணி புகையவில்லை. வெந்தது, புளித்தது, கரைத்தது என்று மூன்று வகையில் உணவு நடந்தது. ஒரு நாள் டாக்டர் சேஷகிரி எங்கள் வீட்டில் சாப்பிட்டார். தாளிக்காத ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “ரொம்ப நன்னா இருக்கு அம்மா,” என்றார். அவர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான் என்று பின்னால் விசாலத்திடம் சொன்னேன். பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் என்னைக் கேட்டாள்.

இரண்டாம் நாள் காலை மாதம்மா எழுந்திருக்கவில்லை. உடல் சுட்டது. தலைவலி என்றாள். முந்தைய நாள் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு இப்படி வரும், அதுவாக இருக்கலாம். ஆனால் பிளேக் வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றே ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: தொடை இடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் நெறிகட்டி இருக்கிறதா என்பது. அந்நிய ஆணான என்னிடம் மாதம்மா அதைக் காட்ட மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். விசாலத்தைக் கூப்பிட்டேன். எங்கே, எப்படி விரலை வைத்து அழுத்த வேண்டும், எப்படி இருந்தால் நெறி, எப்படி இருந்தால் வெறும் தசை என்பதை என் கையிலேயே காட்டிச் சொன்னேன். நெறி தட்டுப்பட்டால் அந்தக் கூடமே அன்று நோயாளியின் அறையாகிவிடும், பூச்சியும் போகும், மாதம்மா பிழைப்பதும் நிச்சயமில்லை. அதை விசாலத்திடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். உள்ளேயிருந்து மாதம்மாவின் குரல் கேட்டது. “அம்மா, எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும். இலை போடற நேரம் தவறக் கூடாது. பசியில விட்டா கூடு மெலிஞ்சு பூடும்.” விசாலம் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

கதவு திறந்தது. “ஒண்ணும் இல்லை. இரண்டு தடவை பார்த்துட்டேன்,” என்றாள். ஊசியின் காய்ச்சல்தான் அது; மறுநாள் இறங்கிவிட்டது. நான் மூச்சை விட்டுக்கொண்டு கைகழுவப் போனேன். திரும்பி வந்தபோது விசாலம் முன்கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தாள். படுத்தபடியே மாதம்மா சொல்லச் சொல்ல, இலையை நறுக்காமல் காம்போடு எடுத்துத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு பூச்சி அவள் விரல்மேல் ஏறியது. அவள் கையை உதறவில்லை. அது இலையைத் தேடிக்கொண்டு போகும்வரை விரலை அப்படியே நீட்டி வைத்திருந்தாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

அதன்பின் கூடத்தில் இரண்டு பெண்களின் பேச்சும் பூச்சிகள் இலை தின்னும் ஓசையும்தான். முனியப்பா இலைக்கட்டைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, “எம் பொண்டாட்டி டாக்டரம்மாவாட்டம் ஆயிட்டா, இனிமே என்னைச் சேத்துக்க மாட்டா,” என்பான். மாதம்மா உள்ளிருந்து, “பூனையைக் கும்பிட்டவனுக்குப் பேச்சைப் பாரு,” என்பாள். விசாலம் சிரிப்பது சமையலறைவரை கேட்கும்.

பூச்சி பழுத்து, உடல் கண்ணாடிபோல் தெளிந்து, தலையைத் தூக்கி ஆட்டியது. மூங்கில் பின்னல்களில் எடுத்து விட்டோம். ‘விட்டோம்’ என்றே எழுதுகிறேன். அன்று நானும் அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். சில நாட்களில் கூடம் முழுவதும் பச்சை கலந்த மஞ்சள் நிறக் கூடுகள். மற்ற இரண்டு வீட்டுச் சிறிய பூச்சிகள் மட்டும் இன்னும் இலை தின்றுகொண்டிருந்தன.

இன்னொரு கவலை மிச்சம் இருந்தது. பிளேக் ஊர்க் கூட்டை எல்லைக்கு அப்பால் யாரும் வாங்க மாட்டார்கள். வியாபாரிகள் அந்தப் பக்கமே வரவில்லை. கூட்டை அதிக நாள் வைத்திருந்தால் உள்ளே இருப்பது துளைத்துக்கொண்டு வெளிவந்துவிடும். பிறகு நூல் இல்லை. கரீம் பாயிடம் டாக்டர் சேஷகிரி மறுபடியும் போனார். பாய் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

“இது பிளேக் ஊர்க் கூடுன்னு யார் சொன்னா? பூச்சி கட்டினது டாக்டர் வீட்ல. நீங்க தைரியமா ஒரு வாரம் இதுகூட இருந்திருக்கீங்க. எனக்கு மட்டும் என்ன பயம்?” என்றார். பிறகு விசாலம் இருக்கும் பக்கம் திரும்பாமலே, “விலை மட்டும் குறைச்சுக் கேக்கலாம்னு வந்தேன். அம்மா வெண்கலக் கிண்ணம் வச்சிருக்காங்க. இனி எப்படிக் கேக்கறது?” என்றார். நல்ல விலையே கொடுத்தார். சந்தையில் அந்தச் சரக்கை அவர் ‘டாக்டரம்மா கூடு’ என்று சொல்லி விற்றதாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

அந்த ஊரில் காய்ச்சல் கண்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். முனியப்பாவின் மாடுகள் அவன் தொழுவத்திலேயே இருந்தன. ஒரு வீட்டிலும் பூட்டுத் தொங்கவில்லை. அடுத்த பருவத்திலிருந்து தாலுகா முழுவதற்கும் டாக்டர் சேஷகிரி ஒரே வரியில் உத்தரவிட்டார்: பூச்சி வளர்க்கும் ஊரில் முதலில் பூச்சியை எடுக்க வேண்டும், பிறகுதான் தூள். தூள் படாத ஒரு கட்டடம், ஒரு பள்ளிக்கூடமோ சாவடியோ, ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த வரியை எழுதும்போது அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை.

என் இளம் நண்பர் கேட்ட கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உண்மையைச் சொல்வதால் ஒரு வீட்டின் அடுப்பு அணையும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். அடுப்புக்கு வழி செய்துவிட்டுக் கேளுங்கள். அதற்கு மேல் என்னிடம் அறிவுரை இல்லை. ஒரு காட்சிதான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு குளிர்காலம். அந்தப் பகுதிக்கென ஒதுக்கிய பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே வேறு ஊர்ப் பூச்சி நிறைந்திருந்தது. எங்கள் வீட்டில் இன்னும் தூள் அடிக்கவில்லை. ஒரு முற்பகலில் நான் முன்கூடத்து நாற்காலியில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மாதம்மா வந்து நின்றாள். நடந்தே வந்திருந்தாள். எந்த அதிகாரியும் அந்த ஊருக்கு அப்போது போயிருக்கவில்லை.

“சாமி, எலி விழுந்திருக்குது. ஒண்ணுதான். தொடலை, மண்ணெண்ணெய் ஊத்தி மூடி வச்சிருக்குது. நானே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பூச்சி மூணாம் ஜுரத்துல இருக்குது,” என்றாள்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சமையலறையில் ஓர் ஓசை கேட்டது. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தாளிப்புக் கரண்டியைக் கீழே இறக்கிவைக்கும் ஓசை. விசாலம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாதம்மாவை உள்ளே வரச் சொன்னாள். என்னைப் பார்த்து, “கொஞ்சம் எழுந்திருங்க,” என்றாள். நான் எழுந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள்.